உங்க ஊர்ல எத்தனை பேர்? மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்கு மக்கள்தொகை, போக்குவரத்து விவரம் எழுதும் முழு வழிகாட்டி

"உங்க ஊர்ல மொத்தம் எத்தனை பேர்?"

மனுவைக் கையில் வாங்கிய அதிகாரி கேட்டது இந்த ஒரு கேள்விதான். நின்றுபோன காலை ஆறரை மணி பஸ்ஸை மறுபடி விடச் சொல்லி நாலு பேர் போயிருந்தோம். நாலு பேரும் நாலு கணக்குச் சொன்னோம். ஒருவர் ரேஷன் கடையில் கேட்டு வந்திருந்தார், ஒருவர் வாக்காளர் பட்டியலை எண்ணி வந்திருந்தார், இன்னொருவருக்கு ஊராட்சி கிளர்க் சொன்னதுதான் வேதம். நான் கைப்பேசியில் தேடி எடுத்த எண் எல்லாவற்றையும்விட மோசம். அது எங்கள் ஊரே இல்லை. அதே பெயரில் பேரையூர்ப் பக்கம் இருக்கிற இன்னொரு பட்டி. அதிகாரி சிரிக்கவில்லை. "கணக்கோட வாங்க" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கோபமாகத்தான் திரும்பினோம். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. பஸ் விடுவதும் ரோடு போடுவதும் தலைக்கணக்கை வைத்துத்தான் நடக்கிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து, உசிலம்பட்டி ரோட்டை ஒட்டிய எங்கள் ஊருக்கு ஒரு விவரத் தொகுப்பு எழுதினோம். பதினோரு பக்கம் வந்தது. அதை எப்படிச் செய்தோம், எங்கே எல்லாம் சறுக்கினோம் என்பதை உங்கள் ஊருக்கும் பயன்படும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எது உங்கள் ஊர்?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது. அரசாங்கத்தின் கண்ணில் 'ஊர்' என்பது மூன்று வேறு சங்கதி. வருவாய்த் துறைக்கு அது வருவாய்க் கிராமம். கிராம நிர்வாக அலுவலரின் நில ஏடுகளான அ-பதிவேடும் அடங்கலும் அதன் எல்லைக்குத்தான். ஊரக வளர்ச்சித் துறைக்கு அது ஊராட்சி. தலைவர், வார்டு, வீட்டு வரி எல்லாம் இதில் வரும். நமக்கோ ஊர் என்றால் குடியிருப்பு: ஒரு கோயில், ஒரு மந்தை, அதைச் சுற்றின தெருக்கள். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் ஐந்தாறு பட்டி இருக்கலாம். ஒரே ஊராட்சி இரண்டு வருவாய்க் கிராமங்களில் கால் நீட்டிக்கொண்டும் இருக்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண் வருவாய்க் கிராமத்துக்கு உரியது. பஸ் நிற்பதோ குடியிருப்பில். இந்த இரண்டையும் பொருத்தாமல் எழுதுகிற எந்த விவரமும் மேசையைத் தாண்டாது.

ஆகவே முதலில் ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை எழுதுங்கள்: வருவாய்க் கிராமத்தின் பெயர், 2011 கணக்கெடுப்பில் அதற்கான ஆறு இலக்கக் குறியீட்டு எண், ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், வட்டம், அப்புறம் அதற்குள் அடங்கிய குடியிருப்புகள் ஒன்றுவிடாமல். பெயரை நம்பாதீர்கள், குறியீட்டை நம்புங்கள். மதுரை மாவட்டத்தில் புதுப்பட்டி, கோவில்பட்டி என்று எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆங்கில எழுத்துக் கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். 'ழ' வருகிற ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு பொறி வட்டம். 2011 கணக்கெடுப்பின்போது மதுரை மாவட்டத்தில் 7 வட்டங்கள்தான். இன்று 11. திருப்பரங்குன்றம், மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, கள்ளிக்குடி ஆகியவை பின்னால் பிரிக்கப்பட்டவை. உங்கள் ஊர் இன்று கள்ளிக்குடி வட்டம் என்றால் 2011 ஏட்டில் அந்தத் தலைப்பே இருக்காது. ஒன்றியங்கள் 13, கிராம ஊராட்சிகள் 420 என்பது மாவட்டத்தின் கணக்கு.

ஊத்தங்குடி, திருப்பாலை, கண்ணனேந்தல் மாதிரியான இடங்கள் 2011-ல் மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது உள்ளே போய்விட்டன. அந்த ஓரத்தில் இருக்கிறவர்கள் பழைய கிராம எண்ணை இன்றைய வார்டு எண்ணோடு ஒப்பிட்டு "மக்கள்தொகை குறைந்துவிட்டது" என்று எழுதிவிட வேண்டாம். எல்லைக்கோடு நகர்ந்ததால் வந்த வித்தியாசம் அது.

இரண்டாம் படி: கணக்கெடுப்பு ஏட்டைப் படிப்பது

தேவையான ஆவணம் 'மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடு'. கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டு பாகம். முதல் பாகத்தில் ஊர்தோறும் என்னென்ன வசதி இருக்கிறது என்பது: பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை, பஸ், ரயில், வங்கி. இரண்டாம் பாகத்தில் ஊர்தோறும் தலைக்கணக்கு: வீடுகள், ஆண், பெண், 0-6 வயதுப் பிள்ளைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிந்தவர், வேலை செய்பவர்.

உங்கள் ஊர் இரண்டிலும் இல்லையே என்று பதறாதீர்கள். நகரப் பட்டியலில் பாருங்கள். ஊராட்சியாகவே இருந்தாலும், 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தியோடு, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75% பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால் கணக்கெடுப்பு அதை 'கணக்கெடுப்பு நகரம்' என்று நகரப் பக்கம் தள்ளிவிடும்.

எண் கிடைத்ததும் அதைக் கொஞ்சம் பேச வைக்க வேண்டும். கணக்கு கடினமில்லை. மாவட்ட எண்ணிலேயே போட்டுக் காட்டுகிறேன். 2011-ல் மதுரை மாவட்டத்தில் ஆண்கள் 15,26,475, பெண்கள் 15,11,777, மொத்தம் 30,38,252. பெண்களை ஆண்களால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 990. அதுதான் பாலின விகிதம். 2001-ல் மொத்தம் 25,78,201. கூடியது 4,60,051. அதைப் பழைய எண்ணால் வகுத்தால் பத்தாண்டு வளர்ச்சி 17.84%. இதே இரண்டு வகுத்தலை உங்கள் ஊருக்கும் போட்டு, மாவட்ட எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மாவட்டம் வளர்ந்திருக்க உங்கள் ஊர் தேய்ந்திருந்தால், அந்த ஒரு வரியே பெரிய செய்தி.

எழுத்தறிவில் எல்லோரும் செய்கிற தப்பு, மொத்த மக்கள்தொகையால் வகுப்பது. 0-6 வயதுப் பிள்ளைகளைக் கழித்துவிட்டு, ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களால்தான் வகுக்க வேண்டும். மாவட்டத்தின் 83.45% என்ற எண் அப்படி வந்ததுதான்.

பிள்ளைகளின் பாலின விகிதத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். உசிலம்பட்டிப் பக்கம் இந்த எண்ணை ஏன் முதலில் தேடுகிறோம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் வந்தது பெண் சிசுக்கொலையால்தான் என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் சின்ன ஊரில் இந்த விகிதம் குரங்கு மாதிரித் தாவும். ஊரில் நூறு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 52 ஆண், 48 பெண் என்றால் 923. நாலு பிள்ளை இப்படி அப்படி மாறி 48 ஆண், 52 பெண் ஆனால் 1,083. ஒரே வருடத்து எண்ணை வைத்து ஊர்மேல் பழி போடவும் வேண்டாம், மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். 2001, 2011 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், பக்கத்து ஊர்களையும் பாருங்கள்.

தொழிலாளர் பட்டியலில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். அதற்குள் சொந்தமாக விவசாயம் செய்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், 'மற்றவை' என்று நாலு பிரிவு. போக்குவரத்துக்காக எழுதுகிறோம் என்பதால் 'மற்றவை' முக்கியம். மில்லுக்கு, கடைக்கு, கட்டட வேலைக்கு, அரசு வேலைக்குப் போகிறவர்கள் இதில்தான் இருக்கிறார்கள். காலை பஸ்ஸில் தொங்குகிறவர்களில் பெரும்பங்கு இவர்கள்.

மூன்றாம் படி: 2011-க்குப் பிறகு?

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2025 ஜூன் 16 அன்று வந்த அறிவிக்கையின்படி அடுத்ததற்கான குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் ஊர்வாரி எண்கள் கைக்கு வரும்வரை அதிகாரிகளின் கணினியில் இருப்பது 2011 எண்தான். அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்கலாம்.

அந்த இன்னொரு எண்ணை எப்படி எடுப்பது? "வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் கூட்டிக்கொள்வோம்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். மதுரை நகரத்தை ஒட்டிய ஊர் இந்தக் காலத்தில் இரண்டு மடங்காகியிருக்கும். சேடப்பட்டிப் பக்கம் தெருவே பூட்டிக் கிடக்கும். வீடு வீடாகப் போவதுதான் ஒரே வழி.

போவதற்கு முன் ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஏடுகளைப் பாருங்கள். அங்கன்வாடிப் பணியாளரிடம் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேடு இருக்கும். சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் ஊரிலேயே நம்பகமான ஏடு அதுதான். கிராம சுகாதார செவிலியரிடம் பிறப்பு விவரம். ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி, குடிநீர் இணைப்புப் பதிவேடுகள். வாக்காளர் பட்டியலில் 18 வயது தாண்டியவர்கள். ரேஷன் கடையில் அட்டைகளின் எண்ணிக்கை. தனி மனிதர் விவரத்தைக் கேட்காதீர்கள், மொத்த எண்ணைக் கேளுங்கள். மொத்தத்தைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை.

இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவே போகாது. யாரும் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. திருப்பூரில் பத்து வருடமாக இருக்கிறவனுக்கு ஓட்டு ஊரில் இருக்கிறது. அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருந்தாலும் அட்டை இரண்டு. வீட்டு வரியோ சுவரை எண்ணும், ஆளை எண்ணாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வேறு விதி: 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை அந்தக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவரை அந்த ஊரில் எண்ணவில்லை. நாங்கள் நாலு பேர் நாலு கணக்குச் சொன்னதன் ரகசியம் இதுதான்.

வீடு வீடாகப் போகும்போது ஆளுக்கு ஒரு தெரு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருக்காரரே அந்தத் தெருவை எழுதக் கூடாது. தெரிந்த வீடுதானே என்று கேட்காமலே எழுதிவிடுவார். எங்களில் ஒருவர் அப்படி எழுதி, இறந்துபோன ஒரு பெரியவரை உயிரோடு சேர்த்துவிட்டார்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். திண்ணையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அப்பத்தாவிடம் "வீட்ல எத்தனை பேரு அப்பத்தா?" என்று கேட்டேன்.

"ஏழு பேரு ராசா."

"எல்லாரும் எங்க?"

"பெரியவன் ஆந்திரால முறுக்குக் கம்பெனி. மருமகளும் அங்கிட்டுதான். ரெண்டு பேரப்பிள்ளைகளும் அங்கதான் படிக்குதுக. சின்னவன் கோயம்புத்தூரு. சின்னவன் பொண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருக்கா."

"அப்போ ராத்திரி இந்த வீட்ல சோறு திங்கிறது?"

"நான் மட்டுந்தான்ய்யா."

அன்றைக்கு எங்கள் படிவத்தையே மாற்றினோம். 'எத்தனை பேர்' என்ற ஒரு கட்டத்தை மூன்றாகப் பிரித்தோம்: நேற்று ராத்திரி இந்த வீட்டில் சாப்பிட்டவர்; மாதம் ஒருமுறையாவது வந்துபோகிறவர்; திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் மட்டும் வருகிறவர். அப்பத்தா வீடு முதல் கட்டத்தில் ஒன்று, இரண்டில் இரண்டு, மூன்றில் நாலு. தினசரி பஸ்ஸுக்கு வாதாடும்போது முதல் எண்தான் செல்லும். குடிநீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று வாதாடும்போது மூன்றையும் கூட்டிச் சொல்லலாம். எதை எதற்குச் சொல்கிறோம் என்பதில் நேர்மை வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டின வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். 'பூட்டிய வீடு' என்று தனியாக எண்ணுங்கள். பக்கத்து வீட்டில் விசாரித்து, எங்கே போனார்கள், எத்தனை வருடம் என்று மட்டும் குறியுங்கள். எங்கள் ஊரின் கதையில் பாதி அந்தப் பூட்டுகளில்தான் இருந்தது.

மாசி மாதம் சிவராத்திரி வாரத்தில் கணக்கெடுக்கவே கூடாது. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு ஊர் மொத்தமும் திரும்பும் வாரம் அது. தைப் பொங்கலும் அப்படியே. அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர்கள் ஜல்லிக்கட்டு வாரத்தையும் விட்டுவிடுங்கள். கல்யாணம் குறைவான ஆடி மாதத்து ஞாயிறு நல்ல நாள். சாதாரண ஊர் சாதாரணமாக இருக்கும்.

நான்காம் படி: ரோடு யாருடையது?

'எங்க ஊர் ரோடு மோசம்' என்று மனு எழுதினால் அது மூன்று அலுவலகம் சுற்றிவிட்டு "எங்களுடையது அல்ல" என்ற பதிலோடு திரும்பி வரும். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை, ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை என்று ஆறு அடுக்கு. கடைசி இரண்டும்தான் ஒன்றிய அலுவலகத்தின் பொறுப்பு.

சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை மாநில நெடுஞ்சாலை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டதென்றால் ஆரஞ்சு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, தேனிப் பக்கம் போகும் 85-ம் எண் சாலையும், வாடிப்பட்டி, திருமங்கலம், கள்ளிக்குடி வழியாகப் போகும் 44-ம் எண் சாலையும், மேலூர் வழியாகத் திருச்சி போகும் 38-ம் எண் சாலையும், நத்தம் போகும் 785-ம் எண் சாலையும் தேசிய நெடுஞ்சாலைகள். பழைய ஆள்கள் 44-ஐ இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்பார்கள்; பழைய ஆவணத்தில் 7 என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அகலத்தை அளந்து பாருங்கள். கிராமச் சாலையின் தார்ப் பகுதி பெரும்பாலும் 3.75 மீட்டர். பஸ்ஸின் அகலம் சுமாராக இரண்டரை மீட்டர். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். அந்த ஓர மண்தான் பஸ் வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கள் ஊர்ப் பாதையில் கருவேலம் ரோட்டுக்கே வந்துவிட்டது. ஓட்டுநர்கள் சொன்ன முதல் குறை பஸ் கண்ணாடியில் முள் கீறுவது. ஊர் கூடி ஒரு நாளில் வெட்டினோம். இதையும் தொகுப்பில் எழுதுங்கள்: எந்த இடத்தில் முள், எங்கே தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, எங்கே பாலத்துக் கைப்பிடி உடைந்திருக்கிறது, கண்மாய் மறுகால் பாயும் மாதங்களில் எத்தனை நாள் பாதை அடைபடும், பஸ் திருப்ப ஊரில் இடம் எங்கே.

ஐந்தாம் படி: நிறுத்தத்தில் ஒரு முழு நாள்

கையேட்டில் பஸ் கட்டத்தைத் திறந்து பாருங்கள். 'உண்டு' அல்லது 'இல்லை'. இல்லை என்றால் கிட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு எழுத்து: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஏ, ஐந்திலிருந்து பத்து என்றால் பி, பத்துக்கு மேல் என்றால் சி. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு பஸ் வந்தாலும் 'உண்டு', நாற்பது வந்தாலும் 'உண்டு'. எங்கள் ஊருக்கும் 'உண்டு' என்றுதான் இருந்தது. அதனால்தான் எங்கள் மனு எடுபடவில்லை.

இந்த 'உண்டு'வை உடைக்க இரண்டு வேலை.

முதலாவது, கால அட்டவணை. பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் இருக்கும். உங்கள் ஊர் பஸ் ஆரப்பாளையத்திலிருந்து வருகிறதா, பெரியாரிலிருந்தா, மாட்டுத்தாவணியிலிருந்தா என்று பார்த்து அங்கே போய் டைம் கீப்பரிடம் பணிவாகக் கேளுங்கள். "அண்ணே, எங்க ஊருக்கு மொத்தம் எத்தனை சிங்கிள் எழுதியிருக்கு?" 'சிங்கிள்' என்பது ஒரு பக்கம் போவது, போய்வந்தால் இரண்டு. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் முகம் மாறும், பதிலும் வரும். வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு போக்குவரத்துக் கழகக் கிளைக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, அட்டவணையில் இருப்பது வருகிறதா என்று பார்ப்பது. வேலை நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று, சந்தை நாள் ஒன்று என மூன்று நாள். காலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை, மூன்று ஷிப்டாக ஆள் மாற்றி, நிறுத்தத்தில் நோட்டோடு உட்காருங்கள். பஸ் வந்த நேரம், வர வேண்டிய நேரம், இறங்கியவர், ஏறியவர், அதில் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். இதோடு நாங்கள் சேர்த்த ஒரு கட்டம்: பஸ் நின்றும் ஏறாதவர்.

இந்தக் கட்டத்தை முதலில் யோசிக்கவே இல்லை. முதல் நாள் காலை ஏழே காலுக்கு ஒரு மொபசல் பஸ் (வெளியூர் போகிற பஸ்) வந்து நின்றது. ஆண்கள் மூன்று பேர் ஏறினார்கள். சாப்பாட்டு வாளியோடு நின்ற பதினாலு பெண்கள் அசையவே இல்லை. "ஏன்க்கா ஏறலையா?" என்றால், "இதுல காசுப்பா. நம்ம பஸ்ஸு வரும்" என்றார்கள். 'நம்ம பஸ்' என்றால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லாத சாதாரணக் கட்டண டவுன் பஸ், ரோஸ் கலர் பூசினது. அது எட்டு மணிக்கு வந்தது. முக்கால் மணி நேரம் நின்றார்கள். தினம் போக வர டிக்கெட் என்றால் கூலியில் ஒரு பங்கு அதற்கே போகும். முக்கால் மணி நேரத்தை விட்டுக் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். ஆகவே அட்டவணையில் டவுன் பஸ்ஸையும் மற்றதையும் தனித்தனியாக எண்ணுங்கள். எங்கள் நிறுத்தத்தில் நிற்கிற பஸ்களில் ஊர்ப் பெண்களுக்குப் பயன்பட்டது கொஞ்சம்தான். இதை எழுதியதும் எங்கள் மனுவின் தலைப்பே மாறியது.

கடைசி பஸ்ஸை மட்டும் ஒரு தனி வரியில் எழுதுங்கள். கல்லூரியில் படிக்கிற பெண் மாலை வகுப்பு எடுக்கலாமா, துணிக்கடையில் வேலை பார்ப்பவர் கடை அடைக்கும்வரை இருக்கலாமா என்பதெல்லாம் அந்த நேரத்தைப் பொறுத்தது. ராத்திரி ஊரிலேயே தங்கி 'நைட் ஹால்ட்' போடும் பஸ் இருந்தால் அதுவே மறுநாள் முதல் பஸ். முன்பு இருந்து நின்றுபோனது என்றால் எந்த வருடம், ஓட்டுநர் நடத்துநர் படுக்க இடம் இல்லாமல் நின்றதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எங்கள் ஊரில் கழிப்பறையோடு ஒரு அறை இல்லாததுதான் காரணம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

ஆறாம் படி: பஸ் அல்லாதவை

ஷேர் ஆட்டோ, மினி பஸ், மில் வேன், பள்ளி வேன், குட்டியானை (சின்ன சரக்கு வண்டி), டிராக்டர், எக்செல் வண்டி, சைக்கிள். எல்லாவற்றையும் அதே நாளில் அதே நோட்டில் எண்ணலாம். மில் வேனைக் கவனியுங்கள். விடியற்காலை ஊரிலிருந்து எத்தனை பெண்கள் போகிறார்கள் என்பதை வேறு எந்த ஏடும் சொல்லாது. குட்டியானையில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு, ஆனால் பஸ் இல்லாத ஊரில் அதுதான் பஸ். இத்தனை பேர் இப்படிப் போகிறார்கள் என்று எண்ணாக எழுதுங்கள்; வண்டி நம்பரை எழுதி யார் பிழைப்பையும் கெடுக்க வேண்டாம்.

108 வண்டி அழைத்தால் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று சமீபத்தில் அழைத்த நாலைந்து வீட்டில் கேளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு நேரம், மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று கிலோமீட்டரில் அல்ல, நிமிடத்தில் எழுதுங்கள்.

ரயிலில் ஒரு எச்சரிக்கை. மதுரை-போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டது. அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிவரையும், 2023 ஜூனில் போடிவரையும் ரயில் திரும்பி வந்தது. 2011 கையேட்டை அப்படியே பார்த்து எழுதினால் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்கள் எல்லாம் தவறாக வரும். சோழவந்தான், சமயநல்லூர், திருமங்கலம், சிலைமான் பக்கத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கேயானாலும் ஸ்டேஷன் இருப்பது பெரிதல்ல. வேலைக்குப் போகும் நேரத்தில் அங்கே நிற்கிற ரயில் எது என்று எழுதுங்கள்.

ஏழாம் படி: குடியிருப்புவாரி ஒரே பட்டியல்

இப்போதுதான் தலைக்கணக்கும் பாதையும் ஒன்று சேர்கின்றன. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு வரி. மாதிரிக்கு நான் போடும் எண்களில் ஒரு வரி இப்படி வரும்: "கிழக்குக் காலனி. வீடு 64, பூட்டியது 9. ராத்திரி இருப்பவர் 221. நிறுத்தத்துக்கு 1.4 கி.மீ., அதில் 600 மீட்டர் மண் பாதை, விளக்கு இல்லை. முதல் டவுன் பஸ் காலை 8.00, கடைசி இரவு 7.10. பள்ளிப் பிள்ளைகள் 38."

காலனியைத் தனி வரியாக எழுதியே ஆக வேண்டும். நம் பக்கத்தில் பஸ் நிறுத்தம் ஊருக்குள் இருக்கும், காலனி கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஊர் மொத்தத்துக்கும் சேர்த்து 'நிறுத்தம் 200 மீட்டர்' என்று எழுதினால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் ஏட்டிலிருந்தே மறைந்துவிடும். எங்கள் கூட்டத்தில் இதற்கு முணுமுணுப்பு வந்தது. எழுதினோம்.

இந்தப் பட்டியல் ஏன் முக்கியம் என்பதற்குத் திட்டங்களின் விதியே காரணம். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் 2000-ல் தொடங்கியபோதே சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள, சாலை இணைப்பில்லாத குடியிருப்பு என்றுதான் அளவுகோல். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்துக்கும் அதே 500. அதுவும் 2011 கணக்கின்படி. கவனியுங்கள், வருவாய்க் கிராமம் அல்ல, குடியிருப்பு. மினி பஸ் திட்டம் 1997-ல் வந்தது. 2025-ல் புதுப்பித்துத் தொடங்கிய திட்டத்தில் வழித்தடம் அதிகபட்சம் 25 கி.மீ., அதில் குறைந்தது 65% பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். உங்கள் ஊரைச் சுற்றிப் பஸ் ஓடாத பாதை எத்தனை கிலோமீட்டர் என்று பட்டியலில் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேச்சு நீளாது.

எட்டாம் படி: எங்கே கொடுப்பது

தொகுப்பில் யார் பெயரும், கைப்பேசி எண்ணும், வீட்டு எண்ணும் இருக்கக் கூடாது. வீட்டுப் படிவங்களை ஒருவர் பத்திரமாக வைத்துக்கொண்டு, மொத்தம் போட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்த ஏடு, எந்த மாதம் என்று எழுதுங்கள்.

முதல் பக்கம் ஒரே பக்கமாக இருக்கட்டும்: ஊர், குறியீடு, 2011 எண், நாம் எடுத்த எண், கேட்பது என்ன. மீதிப் பக்கங்களை யாரும் படிக்க மாட்டார்கள். இருப்பதைப் பார்ப்பார்கள், அது போதும்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தொகுப்பைப் படித்துத் தீர்மானமாக ஏற்றுங்கள். தீர்மான நகலையும் இணைத்தால் நாலு பேர் மனு ஊர் மனு ஆகிவிடும். பஸ்ஸுக்குப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர், ரோட்டுக்கு ஒன்றிய அலுவலகம், இரண்டுக்கும் சேர்த்து திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர்க்கும் நாள். ரசீது எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பதினோரு பக்கத்தோடு நாங்கள் மறுபடி போனபோது அதே அதிகாரிதான் இருந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், 'ஏறாதவர்' கட்டத்தில் விரலை வைத்தார். "இது என்ன?" என்றார். சொன்னோம். ஐந்து வாரம் கழித்து ஆறே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் வந்தது. நாங்கள் கேட்டது ஆறரை. அந்தக் கால் மணி நேரத்துக்காக இப்போது இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். நிறுத்தத்தில் உட்கார அடுத்த புதன்கிழமைக்கு இன்னும் ஒரு ஆள் தேவைப்படுகிறது.